பேட்டரி ஆலை மனுவில் இன்னும் ஒரு குறை

"வேற ஏதாவது சொல்லணுமா?" பெட்டியோடு வாசலில் நின்றபடி மனைவி கேட்டாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துக்கோ" என்றான் அவன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. 'போகாதே' என்று சொல்ல நினைத்தவனுக்கு அன்று வாயில் வந்தது குடைதான். வீட்டிலும் ஆபீஸ் கோப்புகளையே கட்டிக்கொண்டு அழுதவனோடு யார்தான் குடும்பம் நடத்துவார்கள்? இப்போது புரிகிறது. ஒற்றைத் தட்டைக் கழுவும்போதெல்லாம் நன்றாகவே புரிகிறது.

அவன் நகராட்சியில் நிலப்பிரிவு எழுத்தர். ஊர் நடுவே மூடிக்கிடக்கும் பேட்டரி ஆலையின் மண்ணில் எவ்வளவு ஈயம் ஊறியிருக்கிறது என்று சோதித்தால்தான் அங்கே குடியிருப்பு கட்ட முடியும். சோதனைக்கு அரசு நிதி தருகிறது. மனுவைத் தூக்கிக்கொண்டு நிதி அலுவலகத்துக்குப் போனால், சரிபார்க்கும் அதிகாரியின் நாற்காலியில் அவள்!

"உட்காருங்க சார்" என்றாள், முன்பின் பார்த்திராதவள் மாதிரி.

"தேங்க்ஸ் மேடம்" என்றான் அவனும்.

மனுவைப் புரட்டினாள். "போட்டோவுல புதர்தான் தெரியுது. நிலம் எங்கே?"

ஆள் வைத்துப் புதரை வெட்டி, புதுப் படத்தோடு அடுத்த செவ்வாய் போய் நின்றான்.

"இவ்வளவு சுத்தமா இருக்கே! பசங்க பந்து வேற விளையாடுறாங்க. கைவிடப்பட்ட நிலத்துக்குத்தான் சார் நிதி."

பையன்களை விரட்டிவிட்டு, இரண்டு லாரி குப்பையைக் கொட்டிப் படம் எடுத்தான். அவனுடைய நகராட்சியின் சுகாதாரப் பிரிவே அவனுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

"குப்பை புதுசா இருக்கே" என்றாள் அவள். "நாளைக்கு மண்ணுல விஷம் இருந்தா ஆலை விட்டதா, நீங்க கொட்டினதான்னு எப்படிச் சொல்றது?"

குப்பையை அள்ளி, வேலி போட்டான். வேலி போட வந்தவர் தன் செலவிலேயே ஒரு பலகையும் மாட்டினார்: 'விஷ நிலம். உள்ளே வராதே.'

படத்தைப் பார்த்து அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "விஷம்னு நீங்களே முடிவு பண்ணி போர்டு வச்சாச்சு. அப்புறம் எதுக்குச் சோதனை?"

சிரிக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவன் எத்தனை லாரி குப்பை வேண்டுமானாலும் கொட்டுவான். ஆனால் அவள் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ஊரில் மேலாளர் கொதித்தார். "ஒரு மனுவை ஒழுங்காப் போடத் தெரியலையாய்யா? இதுதான் கடைசி. அடுத்த தடவை வேற ஆள் போவான்!"

ஐந்தாவது செவ்வாய். பலகை இல்லாத வேலி, குப்பை இல்லாத தரை. அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போர்டு இருந்த இடத்துல ரெண்டு குழி இருக்கே. அனுமதி இல்லாம யார் தோண்டினது? சரி பண்ணிட்டு அடுத்த செவ்வாய்..."

"அடுத்த செவ்வாய் நான் வரமாட்டேன் மேடம். வேற ஆளை அனுப்புறாங்க."

பேனா நின்றது. "ஓ" என்றாள். படித்த பக்கத்தையே மறுபடி படித்தாள். அட்டெண்டர் அம்மாள் டீயோடு உள்ளே வந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

எழுந்து கதவு வரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். இந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு மூன்று வருடம் காத்திருப்பது தெரிந்தது. திரும்பினான்.

"வீட்டுக்கு வந்துடேன். நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான். வந்துடு."

அவள் கண்களைத் துடைக்கக் கைக்கு வந்தது அந்த மனுதான். அதாலேயே துடைத்துக்கொண்டாள்.

அட்டெண்டர் அம்மாள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! ஏம்மா, சார் முதல் செவ்வாய் வந்துட்டுப் போன அன்னிக்கே நீங்க கையெழுத்துப் போட்டுப் பூட்டி வச்சீங்களே நிதி உத்தரவு, அதை இன்னிக்காவது அனுப்பிடட்டுமா?"