வாஷிங்மெஷின் பக்கத்தில் மவுண்ட் ஆகாத பெட்டி

தலையே போனாலும் தன் அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மாள் முடிவு கட்டிவிட்டார். ஒரு மாதம் தங்க மாமியார் வருகிறார். அவருக்கு அந்த அறை வேண்டுமாம், வீட்டு அம்மணியின் உத்தரவு. லேப்டாப்பும், குடும்பப் படங்கள் மொத்தத்தையும் வைத்திருக்கும் டிஸ்க் பெட்டியும் வாஷிங்மெஷின் ஓரத்துக்குப் போகவேண்டுமாம். அந்த ஓர் அறையில்தான் மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார். விடுவாரா?

“பெட்டிய இடம் மாத்துனா மவுண்ட் ஆகாதும்மா. என் லேப்டாப்புல இருக்கறது லினக்ஸ். ரொம்ப ரோஷக்காரன்.”

“மவுண்டுன்னா?”

“பெட்டில இருக்கற ஃபோல்டர் லேப்டாப்புல வந்து உக்காரணும். அந்த ரூம்ல மட்டும்தான் உக்காரும்.”

“வச்சுப் பாத்துட்டா போச்சு” என்ற அம்மணி, பெட்டியை அலேக்காகத் தூக்கிப்போய் வாஷிங்மெஷின் பக்கத்தில் செருகினாள். அவள் ஒயரோடு மல்லுக்கட்டிய நேரத்தில், நம்மாள் லேப்டாப்பில் பதிந்திருந்த பெட்டியின் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். கில்லாடி! பிறகு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கமாண்டைத் தட்டினார்.

“பாரு, பர்மிஷன் டினைடு. அனுமதி இல்லையாம்.”

“யாரு குடுக்கணும் அனுமதி?”

“பெட்டி.”

“என்னைக் கேக்காம இந்த வீட்ல அதென்ன பெட்டி அனுமதி குடுக்கறது?”

நம்மாள் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ரீஸ்டார்ட் செய்தார். உச்சுக் கொட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான நடிப்பு.

“தலைகீழா நின்னு பாத்துட்டேன். இந்த மூலையில சான்ஸே இல்ல.”

அம்மணி கோபப்படவே இல்லை. “பாவம், உங்களுக்கு வரலைன்னா விடுங்க. என் தம்பியக் கூப்பிடறேன். ‘மாமாவுக்கு இதெல்லாம் சுத்தமா ஓடாதுக்கா’ன்னு அவன் அப்பவே சொன்னான்.”

“யாரு, அவனா?” நம்மாளுக்குச் சுருக்கென்றது. மவுண்ட் என்ற வார்த்தையையே தன்னிடம் கற்றுக்கொண்ட பொடிப்பயல்! ரத்தம் கொதித்தது. “ஃபோனைக் கீழ வை!”

சடசடவென்று தட்டினார். பாஸ்வேர்டு பழையபடி ஆனது. கல்யாணப் படங்கள் திரையில் வரிசைகட்டி நின்றன.

“வந்துச்சா இல்லையா? இப்ப சொல்லச் சொல்லு உன் தம்பிய!”

“அவன் எங்கீங்க சொன்னான்?” என்று சிரித்தபடி அம்மணி அவருடைய நாற்காலியை வாஷிங்மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “அதான் இங்கயே ஜம்முனு வருதே, உக்காருங்க.”