ஓரத்தில் ஒதுக்க முடியாத மிளகு

சமைக்கத் தெரியாதவனைவிட ஆபத்தானவன், சமையல் சாமான் மட்டும் வாங்கத் தெரிந்தவன். பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் அந்த ரகம். சோறு குழையாமல் வடிக்க வராது. ஆனால் மிளகு என்றால் ஒரே மலை, ஒரே தோட்டம், கையால் பறித்தது என்று அட்டையில் அச்சடித்திருந்தால்தான் வாங்குவேன். (அம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "மத்த மிளகையெல்லாம் காலாலயா பறிக்கிறாங்க?" என்று கேட்டார்.)

ரேவதியும் நானும் ஒரே அலுவலகம். கல்யாணம் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. அவள் வீட்டார் பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்தில் ரொம்பக் காலமாக இருக்கும் தமிழர்கள். அவளுடைய அப்பா சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி. பையன் தனியாக எப்படிக் குடித்தனம் நடத்துகிறான் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர், ரேவதியின் அம்மா, ரேவதி மூவரும் சந்தாபுராவில் என் வாடகை வீட்டுக்கு டிபன் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

வெண்பொங்கல் செய்யத் தீர்மானித்தேன். அம்மா போனில் அளவு சொல்லி, மிளகை முழுசாக நெய்யில் பொரித்துப் போடச் சொன்னார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பொங்கலில் மிளகை யார் சாப்பிடுகிறார்கள்? பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதுதானே நம் வழக்கம். கடை மிளகுக்கு அந்தக் கதி வரலாம். என் ஒரே தோட்டத்து மிளகு ஓரமாகக் கிடப்பதா? மனசு கேட்கவில்லை. அம்மா சொன்ன அளவு முழுவதையும் மிக்சியில் நைசாக அரைத்துக் கலந்தேன். பொங்கல் சிமென்ட் நிறத்துக்கு வந்தது. வாசம் தூக்கலாக இருக்கவே, இன்னும் கொஞ்சம் அரைத்துப் போட்டேன். (சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாதே என்று நான் வாயில் வைக்கவில்லை. படைத்த பிறகு சாமியும் எதுவும் சொல்லவில்லை.)

ரேவதியின் அப்பா வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மடித்து வைத்த துணிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தட்டின் முன் உட்கார்ந்தார்.

"என்னப்பா, பொங்கல்ல மிளகையே காணோம்?"

"எல்லாம் உள்ள கலந்திருக்கு அங்கிள். ரொம்ப உசத்தியான மிளகு."

தாராளமாக ஒரு வாய் போட்டுக்கொண்டார். "தம்பி, நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார். விக்கல் வந்தது. "ரேவதி விஷயத்துல எனக்கு..." மறுபடி விக்கல். "எனக்கு..." விக்கல். கண்களில் நீர் கொட்டியது.

மகளைக் கொடுக்கப்போகும் தகப்பனின் கண்ணீர் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அவர் நீட்டிய கையை என் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தண்ணீர்ச் சொம்பை எடுக்கத்தான் கையை நீட்டியிருக்கிறார்.

"நீரு... நீரு..." என்று கன்னடத்துக்குத் தாவினார். "ஐயோ, தண்ணி கேக்குறாருப்பா, கைய விடு!" என்று ரேவதியின் அம்மா அலறினார். சொம்பு காலியானது, விக்கல் நிற்கவில்லை. தயிர் கேட்டார்கள். வீட்டில் இல்லை. (ஒரே தோட்டத்து மிளகு இருந்தது.) அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

படியில் ரேவதி திரும்பிப் பார்த்தாள். "சரின்னு சொல்லத்தான் வந்தாரு. வாயத் தொறக்க விட்டியா நீ?"

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். மிச்சமிருந்த பொங்கலைத் தண்டனையாக நானே தின்றேன். வழிந்த கண்ணீரில் எவ்வளவு மிளகு, எவ்வளவு துக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கப் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். வந்ததெல்லாம் கடன் கொடுக்கிற பேங்க்காரர்கள்.

கடைசியில் அவள் அம்மாதான் பேசினார். "அவரு சரின்னுட்டாருப்பா. ஆனா இனிமே சமையல் எங்க வீட்லயே இருக்கட்டும்."

இன்றைக்கும் ஒக்கலிபுரத்தில் பொங்கல் என்றால், எல்லோரும் தங்கள் தட்டிலிருந்து மிளகைப் பொறுக்கி என் தட்டில் வைப்பார்கள். என் மகளும் எட்டி வைத்து, "வேஸ்ட் ஆகக் கூடாதுப்பா" என்பாள். எல்லாவற்றையும் நான் மென்று தின்ன வேண்டும். கண் கலங்கித் தண்ணீருக்குக் கையை நீட்டுவேன். பக்கத்தில் இருக்கும் மாமனார் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பாசமாகப் பிடித்துக்கொள்வார்.