மனக்குளிர்ச்சி வண்டி

மடவைக்குப்பத்துப் படகுத்துறையில் அரசாங்கம் நட்ட விளக்குக் கம்பம் ஒன்று உண்டு. கம்பம் உண்டு, கம்பத்துக்குக் கரண்டு உண்டு, கம்பத்தின் இடுப்பில் சிவப்பு மையால் எழுதிய எண்கூட உண்டு. விளக்குதான் கிடையாது. திறப்பு விழா அன்றைக்கு எரிந்தது. விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் கார் ஊர் எல்லையைத் தாண்டும்வரை மரியாதைக்காக எரிந்துவிட்டு, அதோடு கண்ணை மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து, ஏரியில் இறால் பிடித்துவிட்டு இருட்டியபின் திரும்பும் படகுகளுக்குக் கரையைக் காட்டுவது பிலோமினாவின் டீக்கடை பல்புதான். கடை துறைக்கு நேர் மேலே இருக்கிறது. பல்பைப் பார்த்து நேராக வந்தால் துறை. கொஞ்சம் விலகினால் கல். கரைக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதற்காகக் கொட்டிய கல் அது. சுவர் ஆபீஸ் பைலில் கட்டி முடிந்துவிட்டது, கல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஒருநாள் அங்கமுத்து, பிலோமினாவின் டீயைக் குடித்துவிட்டு, "இன்னா பிலோமினா, ஏரித் தண்ணிய அப்படியே சுட வச்சுட்டியா?" என்று கேட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பிலோமினா சீக்கிரமாகக் கடையைச் சாத்தி, பல்பையும் அணைத்துவிட்டாள். அன்று கல்லில் மோதி மூக்கு உடைந்த பைபர் படகு, அங்கமுத்துவின் மகன் பூபதியுடையது.

மூட்டுவலி வந்து ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்ட அங்கமுத்துவுக்கு அதிலிருந்து ஒரே வேலைதான். மனு எழுதுவது. ஒரு டீக்கடைக்காரியின் கோபதாபத்தை நம்பி மகன் கரை ஏறுவதா என்று அவருக்கு ரோஷம். "கம்பத்துல ஒரு பல்பு மாட்டுங்க" என்பதுதான் மனுவின் முழு வாசகம். மேற்படி மனு பரிசீலனையில் உள்ளது என்று முதலில் பதில் வந்தது. மேற்படி பரிசீலனை நடவடிக்கையில் உள்ளது என்று அடுத்தது வந்தது. மேற்படி நடவடிக்கை மீண்டும் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தபோது அவருடைய மனைவி அமுதவல்லி, "உன் மனு நம்ம படகவிட அதிகமா ஊரச் சுத்திக்கினு வருது" என்றாள்.

பல்பு வரவில்லை. வண்டி வந்தது.

அதன் பெயர் "நடமாடும் குறைதீர்ப்பு மற்றும் மனுதாரர் மனக்குளிர்ச்சி வாகனம்". மேலே இருக்கிற ஓர் அதிகாரி ஏதோ வெளிநாட்டு விமானத்தில் போனாராம். உள்ளே ஊதா வெளிச்சம் போட்டிருந்தார்களாம். விமானம் நாலு மணி நேரம் தாமதமாகியும் அவருக்குக் கோபம் வரவில்லையாம். உடனே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஜனங்கள் கோபப்படுவது வேலை நடக்காததால் அல்ல, வெளிச்சம் சரியில்லாததால். ஆகவே ஒரு பெரிய வேனை வாங்கி, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, உள்ளே கூரையைச் சுற்றி எல்.இ.டி. பட்டை ஒட்டினார்கள். பதினாறு கலர். ஒவ்வொரு கலரையும் ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு ஒரு ரிமோட். ரிமோட்டை அழுத்த ஒரு பணியிடம்.

காலை பத்து மணிக்கு வரும் என்று தண்டோரா போட்ட வண்டி, பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது. படகெல்லாம் ஏரிக்குள் போயிருந்தன. தனி அலுவலர் தனசேகர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரிமோட்டோடு சோபியா.

முதலில் ரேஷன் கார்டு விஷயமாக லோகநாயகி ஏறினாள். மஞ்சள் வெளிச்சம் ஆறில் வைக்கப்பட்டது. ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்தாள்.

"இன்னாச்சு, கார்டு தர்றாங்களா?" என்று கேட்டார் அங்கமுத்து.

"சாமி ரூம்ல உக்காந்த மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. கார்டு பத்திக் கேக்கவே மறந்துட்டேன்" என்றாள் அவள்.

உள்ளே தனசேகர், "குறை தீர்ந்தது" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து அங்கமுத்து ஏறினார்.

"உக்காருங்க பெரியவரே. உங்க குறை எந்த வகை?"

"லைட்டு சார். துறைல லைட்டு எரியல."

தனசேகர் சோபியாவைப் பார்த்தார். சோபியா விரல்விட்டு எண்ணினாள். "சார், நிலம்னா பச்சை. தண்ணினா நீலம். ரேஷன் மஞ்சள். புருஷன் அடிக்கிறான்னா ரோஸ். லைட்டு இல்லன்னு வந்தா என்ன கலர்னு நமக்குச் சொல்லித் தரலியே சார்."

இது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி. தனசேகர் தலைமையிடத்துக்குப் போன் போட்டார். எழுந்து நின்று பேசினார். பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"வெளிச்சம் இல்லன்னு வர்றவங்களுக்கு வெளிச்சத்தைக் காட்டக்கூடாதாம். ஒப்பிட்டுப் பாத்து மனசு புண்படுமாம். வேற எந்தக் குறைக்கும் ஒதுக்காத கலரா ஒண்ணு எடுத்து, கம்மியா வைம்மா."

"ஊதா இருக்கு சார். ஒண்ணுல வைக்கிறேன்."

"இன்னும் குறை."

"ஒண்ணுக்குக் கீழ அணைஞ்சிடும் சார்."

"அணையாம எவ்வளவு குறைக்க முடியுமோ குறை."

வண்டிக்குள் இருட்டானது. தனசேகர் மனுவைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். செல்போன் டார்ச்சைப் போட்டார்.

"சார், டார்ச்சு வெள்ளை. வெள்ளை நம்ம பதினாறுல வராது" என்றாள் சோபியா.

அவர் டார்ச்சை அணைத்தார். "பெரியவரே, வாயாலயே சொல்லிடுங்க. சுருக்கமா. துறையில நிலைமை எப்படி?"

"இங்க எப்படி கீதோ அப்படித்தான் சார் அங்கயும் கீது."

"ரொம்பத் தெளிவு" என்ற தனசேகர், "மனுதாரர் தற்போதைய நிலைக்கு நன்கு பழகியுள்ளார்" என்று குருட்டாம்போக்கில் எழுதி முடித்தார்.

இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓகோ, நம்ம பல்பு போதாதுனு கவருமெண்டு வரைக்கும் போயிட்டாரா? கவருமெண்டே காட்டட்டும்" என்று சொல்லி, கடை பல்பை டக்கென்று அணைத்தாள்.

இருட்டிவிட்டது. கடைசியில் போட்டோ எடுக்க வேண்டும் என்பதால் சோபியா ஊதாவைப் பத்துக்கு ஏற்றினாள். வண்டி முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி ஜொலித்தது. போட்டோ எடுத்தார்கள். திட்டத்தின் சிறப்பைப் பொதுமக்கள் கடைசிவரை கண்டு களிக்க வேண்டும் என்று, அதே பத்திலேயே வைத்துக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் ஆரம்பாக்கம் பக்கமாகக் கிளம்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அங்கமுத்துவின் போன் அடித்தது. பூபதி.

"நைனா, நம்ம துறை ஏன் போய்க்கினே கீது?"

"இன்னாடா சொல்ற?"

"ஊதாக் கலர்ல பெரிய லைட்டு போட்டுக்கிறாங்களே, பாத்துட்டோம். உன் மனு பலிச்சிடுச்சுனு எல்லாரும் கைதட்டினோம். அதப் பாத்து வந்துக்கினே கீறோம். நாங்க கிட்ட வந்தா அது வடக்கால போவுது."

வடக்கே சேற்றுத் திட்டு. படகு அதில் ஏறினால் ஆள் இறங்கித் தள்ளினாலும் நகராது. இறங்குகிறவன் இடுப்புவரை புதைவான்.

"அது துறை இல்லடா, வண்டி! நில்லு அங்கயே!"

"எப்படி நிக்கிறது? பின்னால ஏழெட்டுப் படகு என்னப் பாத்து வருது. நான் நின்னா என் மேல ஏறுவானுங்க. வேற ஒரு வெளிச்சமும் கண்ணுல படல நைனா. பிலோமினா பல்பு எங்க?"

அங்கமுத்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஊதாவாகப் போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார். கிளம்பும்போது கையில் திணித்துவிட்டுப் போன நோட்டீசில் போன் நம்பர் இருந்தது. அழுத்தினார். இனிமையான ஒரு பெண் குரல், "நிலத்துக்கு ஒன்றை அழுத்தவும். தண்ணீருக்கு இரண்டை அழுத்தவும்" என்றது. மகன் இருப்பது தண்ணீரில் என்பதால் இரண்டை அழுத்தினார். "தங்கள் பகுதியில் குடிநீர் வரவில்லையா?" என்றது குரல்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டுவலியை மறந்து, டீக்கடைக்கு ஓடினார்.

"பிலோமினா! பல்பப் போடு! பசங்க வண்டி பின்னால போறானுங்க!"

பிலோமினா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏரியைப் பார்த்தாள். ஊதா வடக்கே போவது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் கை சுவிட்சில் நின்றதே தவிர அழுத்தவில்லை. இப்படி ஒரு நேரம் இன்னொரு தடவை வாய்க்குமா?

"ஏரித் தண்ணினு சொன்னியே அண்ணே."

"சொன்னேன். இப்ப பல்பப் போடு தாயி."

"மொதல்ல டீயக் குடி."

ஆறிப்போன ஒரு கிளாசை நீட்டினாள். அங்கமுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"எப்படி கீது?"

அறுபத்தைந்து வருஷமாக எவனுக்கும் விட்டுக்கொடுக்காத நாக்கு அது. கொஞ்சம் திமிறியது. ஏரிக்கரை ரோட்டில் ஊதா வெளிச்சம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"தேவாமிர்தம்" என்றார்.

பல்பு எரிந்தது. மறுபடி அடித்த போனில், "நைனா, துறை பழைய எடத்துக்கே வந்துட்ச்சு" என்று பூபதி கத்தினான். ஒவ்வொன்றாகப் படகுகள் திரும்பி வந்தன. முதலில் வந்த பூபதி, திட்டின் ஓரத்தில் இறங்கிப் படகைத் தள்ளியதில் முழங்கால்வரை சேறாக இறங்கினான். "மூக்குக்கு ஒட்டுப் போட்டது போதாதா, வாலுக்கும் போடணுமா?" என்று படகைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டான். அங்கமுத்து ஓரமாகப் போய்த் துப்பினார். வாயில் இன்னும் டீயின் ருசி இருந்தது. ஏரித் தண்ணியேதான்.

அன்று வண்டிக்குள்ளிருந்து தனசேகரும் ஏரியைப் பார்த்தார். ஊதா வெளிச்சத்தில் வரிசையாகப் படகுகள், வண்டியோடு கூடவே வந்துகொண்டிருந்தன. அவர் கண் கலங்கிவிட்டது. "குறை தீர்ந்த மகிழ்ச்சியில் மீனவப் பெருமக்கள் தாமாக முன்வந்து, தம் படகுகளில் அணிவகுத்து, வாகனத்தை நெடுந்தூரம் வழியனுப்பி வைத்தனர்" என்று அறிக்கை அனுப்பினார்.

மேலிடம் பூரித்தது. இவ்வளவு பிரியமாக இருக்கிற ஜனங்களிடமிருந்து வண்டியைப் பிரிப்பது தர்மமில்லை என்று முடிவானது. நடமாடும் வாகனம் இனி மடவைக்குப்பத்துப் படகுத்துறையிலேயே நிரந்தரமாக நின்று நடமாடும் சேவையை வழங்கும் என்று உத்தரவு வந்தது. நிற்கிற வண்டிக்கு இன்ஜின் வீண் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டுநர் பணியிடம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்ஜின் இல்லாமல் பேட்டரி சார்ஜ் ஏறாதே, விளக்குக்குக் கரண்டு? அதற்கும் வழி இருந்தது. பல்பு இல்லாத கம்பத்தில் கரண்டு சும்மாத்தானே இருக்கிறது? அதிலிருந்து ஒயர் இழுத்து வண்டிக்குக் கொடுத்தார்கள். மனு கொடுத்தவர் என்ற கௌரவத்தில், ரிமோட்டை அங்கமுத்துவின் கையில் கொடுத்து, சால்வையும் போர்த்தினார்கள்.

"தலையெழுத்து" என்று ரிமோட்டை வாங்கியவர், அன்று ராத்திரி சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பச்சை. இன்னொரு தடவை. இளநீலம். ஏழில் வைத்தால் ஒரு அழகு, நாலில் வைத்தால் ஒரு அழகு. அமுதவல்லி வந்து சோறு ஆறுகிறது என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு குப்பத்துக்கு வேறு பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சிவப்பு என்றது ஒரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நீலம் என்றது இன்னொரு கட்சி. கல்யாண வீட்டுக்காரர்கள் தங்கம் கேட்டார்கள். சாவு வீட்டுக்காரர்கள் இரண்டுக்கு மேல் வைத்தால் சண்டைக்கு வந்தார்கள். பிலோமினா பொறுப்பாளா? அவளும் கும்மிடிப்பூண்டி போய்க் கடைக்கு ஒரு பட்டை வாங்கி ஒட்டினாள். இரண்டும் ஒரே சரக்கு. அவள் ரிமோட்டை அழுத்தினால் வண்டியும் மாறும், இவர் அழுத்தினால் கடையும் மாறும். அவள் சிவப்பு வைப்பாள், இவர் பச்சை ஆக்குவார். கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் டீ, குடித்து முடிப்பதற்குள் நாலு கலர் மாறும். பழைய வெள்ளைப் பல்பைக் கழற்றி எங்கே போட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மின்சார லைன்மேன் முத்துராஜ் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு டப்பா.

"அங்கமுத்து யாருங்க? மனு குடுத்தீங்களே, கம்பத்துக்குப் பல்பு. சாங்ஷன் ஆயிடுச்சு."

துறையில் கூட்டம் கூடிவிட்டது.

"எத்தினி கலரு?" என்று கேட்டாள் லோகநாயகி.

"கலரா? பல்புக்கு ஏதும்மா கலரு? வெள்ளைதான்."

"கூட்டிக் கொறைக்கலாமா?"

"எரியும். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, இத மாட்டணும்னா வண்டிக்குப் போற ஒயரக் கழட்டணும்."

எல்லாரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அங்கமுத்து, மூக்கில் ஒட்டுப் போட்ட படகைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் ரிமோட் கனமாக இருந்தது.

"வெள்ளை கண்ணக் கூசும் தம்பி. வேணாம், எடுத்துக்கினு போ" என்றார்.

முத்துராஜ் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பல்போடு சைக்கிளை மிதித்தார். இன்றைக்கு என்ன கலர் வைப்பது என்று பேசக் கூட்டம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பேச்சு வளர்ந்து, பொழுது சாய்ந்து, நன்றாக இருட்டியும் விட்டது. பிலோமினா ஒரு கையில் ரிமோட்டும் ஒரு கையில் டீ டம்ளருமாக நடுவில் நின்றாள். முடிவாகட்டும் என்று அவளும் அங்கமுத்துவும் விளக்கை அணைத்தே வைத்திருந்தார்கள்.

அங்கமுத்துவின் போன் அடித்தது.

"நைனா, கிட்ட வந்துட்டோம். இன்னிக்குத் துறை இன்னா கலரு?"

"அங்கயே சுத்திக்கினு இருடா" என்றார் அங்கமுத்து. "கூட்டம் இன்னும் முடியல."