கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு ஒரு தண்டோரா

பாகூரில், டமாரம் என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருந்த தண்டோராக்காரர் வாய் திறந்து சொல்லாத எதையும் யாரும் நம்பியதில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தால்கூட, அவர் தெருமுனையில் நின்று அறிவித்த பிறகுதான் ஜனங்கள் வற்றலை உள்ளே எடுத்தார்கள்.

கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசில் தண்டோரா போடுகிற வேலை அவருக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நான் அங்கே குமாஸ்தா. சேதியை நான் படித்துக் காட்டுவேன்; ஒருமுறை கேட்டால் போதும், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். கூடவே சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேரும். "வரி பாக்கி வச்சிருக்கிறவங்க ஒடனே கட்டணும், எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்பார். குழம்பில் உப்பு கூடிப்போனதை வீட்டுக்குள் மனைவியிடம் அவர் சொன்ன மதியம், அது காதில் விழுந்து பக்கத்துத் தெருவிலிருந்து மோர் வந்தது.

ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில் கன்னியம்மாவின் மகன் முனியனைப் பிடித்துவிட்டார்கள். ஏழு வயசு. பண்ணையார் தோட்டத்தில் ஒரு கரும்பை ஒடித்துவிட்டான். போலீஸ் அதிகாரியான கொமிசேர், கள்ளச்சாராயக் கேசில் பிடிபட்ட இரண்டு தடியர்களோடு அவனையும் ஒரே கொட்டடியில் போட்டுப் பூட்டினார். விலங்கு மாட்டிப் புதுச்சேரி ஜெயிலுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. புருஷனில்லாத கன்னியம்மா எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து அழுதாள்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு எங்கள் மேலதிகாரி உள்ளே போய்விட்டார்.

டமாரம் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

கரையாம்புத்தூர் எல்லைப் பக்கம் கொள்ளைக்கூட்டம் நடமாடுகிறது, ஜாக்கிரதை என்பது அன்றைக்கு நான் கொடுத்திருந்த சேதி. அதைக் கடைத்தெருவில் அச்சுப் பிசகாமல் சொல்லிவிட்டுத் தமுக்கை இன்னொரு தட்டு தட்டினார்.

"இனிமே யாரும் பயப்பட வேணாம். கொள்ளக்கூட்டத் தலைவன நம்ம போலீசு புடிச்சிட்டாங்க. பேரு முனியன். வயசு ஏழு. முன்பல்லு ரெண்டு இன்னும் மொளைக்கல. ஆயுதம் ஒரு கரும்பு. பாக்க ஆசப்படறவங்க ஸ்டேஷன் வாசலுக்கு வரலாம்."

வந்தார்கள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக்காலோடு வந்தார்கள். நெட்டப்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிகள்கூடத் திரும்பி வந்தன.

கொமிசேருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருடா உன்ன இதெல்லாம் சொல்லச் சொன்னது?"

"இதுல பொய் இன்னா இருக்குது முசே? வயசு தப்பா, பல்லு தப்பா?"

தமுக்கைப் பிடுங்கிக்கொண்டு, வேலையும் போயிற்று என்றார் கொமிசேர். டமாரம் வாசலுக்கு வந்து, வாயாலேயே "டம் டம்" என்று தட்டி, தன் வேலை போன சேதியையும் முறைப்படி அறிவித்தார். கூட்டம் இன்னும் பெருத்தது.

வழக்கு விசாரணைக்காக அன்று பாகூர் வந்திருந்த நீதிபதி துரையின் குதிரை வண்டிக்கு அந்தக் கூட்டத்தில் வழியில்லை. இறங்கி விஷயத்தைக் கேட்டவர், கொட்டடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று துபாஷி மூலம் விசாரித்தார். முனியன் தடியர்களில் ஒருவனைக் காட்டி உற்சாகமாகப் பதில் சொன்னான்.

"சாராயம் காச்சறதுக்கு வெல்லத்த எப்ப போடணும், வேலம்பட்டைய எப்ப போடணும்னு இந்த மாமா சொல்லிக்குடுத்தாரு."

துபாஷி அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் துரை கொமிசேரைப் பார்த்தார். அங்கேயே உத்தரவு பிறந்தது. பையனைத் தாயிடம் விட வேண்டும். இனி அந்தக் கொம்யூனில் எந்தக் குழந்தையையும் பெரியவர்களோடு அடைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பெற்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும்.

ஊருக்கு இதை யார் அறிவிப்பது என்று துரை கேட்டார். கொமிசேர் உள்ளே போய்த் தமுக்கைத் தன் கையாலேயே எடுத்துவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வரை டமாரம் ஓயவில்லை. எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் ஊர்களுக்கும் போய்ப் பிரெஞ்சு உத்தரவை அறிவித்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பின்னாலேயே நடந்தேன். கடைசியாகக் கன்னியம்மாவின் குடிசைக்கு வந்தோம். தாய் மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். டமாரம் தமுக்கைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்தார்.

"எழுப்பாத தாயி. எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனிமே இவன யாரும் தொட மாட்டாங்க."

அத்தனை மெல்லிய குரல் ஒன்று அந்த மனுஷனுக்குள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.