சூளையில் சொருகிய கார்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் யாரும் வெளியில் சொல்லாத ஒன்றை நான் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாங்கிய மறுநாளிலிருந்து நம் பார்வையே மாறிவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்க்க மாட்டோம், சுவரைத்தான் பார்ப்போம். பதினைந்து ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது, வாசலிலிருந்து எத்தனை அடி, ஒயர் எட்டுமா என்றே மனசு கணக்குப் போடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, அழுதுகொண்டிருந்த பெரியவரின் தலைக்குப் பின்னால் ஏ.சி.க்காகப் போட்டிருந்த பிளக்கை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். (பாவம் மனுஷன், பக்கத்தில் மாட்டியிருந்த தன் மனைவியின் படத்தைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.)

நான் விருத்தாசலத்தில் கணக்கு வாத்தியார். நான்கு வருடங்களுக்கு முன்பு அந்தக் காரை வாங்கினேன். என் மனைவி ஸ்டெல்லா அப்போதே கேட்டாள், "மாடி வூட்ல குடியிருந்துகிட்டு எங்கேருந்து சார்ஜு போடுவீங்க? ஜன்னல் வழியா ஒயரத் தொங்கவுடுவீங்களா?" முதல் இரண்டு வாரம் அப்படித்தான் தொங்கவிட்டேன். பிறகு வீட்டுக்காரர் மேலே வந்து, "காரு உங்களுது சார், மீட்டரு என்னுது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளியில் தலைமையாசிரியரிடம் கேட்டேன். எழுத்து மூலம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அந்த விண்ணப்பம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

அப்படி அலைந்த காலத்தில்தான் செல்வி கிடைத்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் அவருடைய செராமிக் கூடம். ஷீட் போட்ட ஒரே அறை, மூன்று ஃபேஸ் கரண்ட், பீரோ உயரத்துக்கு ஒரு மின் சூளை. சூளைக்குப் பக்கத்தில், உள்ளே எவ்வளவு சூடு என்று சிவப்பு எண்ணில் காட்டும் ஒரு பெட்டி. பல வருடங்கள் மற்றவர்களின் கம்பெனியில் அகல் விளக்கும் பொம்மையும் செய்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாக ஆரம்பித்திருந்தார். வண்டிக்கு அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதும் தலையாட்டிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான். "சூளை ஓடறப்ப மட்டும் சொருகாதீங்க சார். லைன் தாங்காது. மத்த நாளு உங்க இஷ்டம்."

அந்த நன்றிக்கடனில்தான் எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையில் அவருக்காகப் பேசினேன். கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் பழைய சுரூபங்கள் மூக்கும் விரலும் போய்க் கிடந்தன. பேரவையில் மூத்தவரான சவரிமுத்து அண்ணன், பாண்டிச்சேரியில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்றார். ஊரெல்லாம் பொம்மை அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, குழந்தை இயேசுவை வெளியூரிலிருந்து வாங்குவதா என்று நான் எழுந்து நின்று முழங்கினேன். எனக்கு அன்று நல்ல கைதட்டல். வேலை செல்விக்கு வந்தது.

அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்து பழைய சுரூபங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சூசையப்பர் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள், "கைக்குழந்தைய வச்சிக்கிட்டு மாட்டுக் கொட்டாயில தங்கியிருக்காரு. கவலைதான் சார் இருக்கும்" என்று அவரே முடிவு செய்து, நெற்றியில் இரண்டு கோடு இழுத்தார். மொத்தம் பதிமூன்று உருவங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தன் பெயரைக் கீறினார். அதுவரை அவர் செய்த எந்தப் பொருளிலும் அவர் பெயர் இருந்ததில்லை. குடில் நன்றாக வந்தால் சுற்றியிருக்கிற பங்குகளுக்கும் சொல்கிறேன் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். தனியாகத் தொழில் நடத்துவதா, மறுபடி கம்பெனி வேலைக்கே போவதா என்பதை அந்தப் பதிமூன்றும்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மழையில் மண் காய நாளாகிவிட்டது. மெருகு பூசிக் கடைசியாகச் சூளையில் ஏற்றியபோது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். அன்று சனிக்கிழமை. விடியற்காலையில் சூளையைப் போட்டாயிற்று, ஒன்பது மணிக்கு சேத்தியாத்தோப்பிலிருந்து அவருடைய சித்தப்பா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. செல்வி என்னிடம் ஓடி வந்தார்.

"நீங்க சும்மா ஒக்காந்திருந்தா போதும் சார். ஆயிரத்தி இருநூறு வரைக்கும் நம்பரு ஏறும். மூணு மணி வாக்குல அதுவே நின்னுடும். அப்புறம் நம்பரு தானா எறங்கும். எறங்க ஆரம்பிச்சிடிச்சின்னா வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம். கதவ மட்டும் தொடாதீங்க, நாளைக்கு காலைல நான் வந்து தொறக்கறேன். ஏதாச்சும்னா போன் போடுங்க. போயிட்டு வரேன்."

இதில் எந்த வார்த்தை புரியவில்லை என்று பிற்பாடு ஸ்டெல்லா என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். எல்லாம் புரிந்தது. அதுதான் கஷ்டமே.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு, காரையும் ஓட்டிக்கொண்டு போய்க் கூடத்து வாசலில் நிறுத்தினேன். நடந்தால் மூன்று நிமிடம். ஆனால் கார் வாங்கிய புதிதில் எவன் நடக்கிறான். வண்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் சார்ஜ் இருந்தது, மறுநாள் ஸ்டெல்லாவைக் கடலூருக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செல்வியின் நிபந்தனை ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நான் கணக்கு வாத்தியார் அல்லவா. சூளை எவ்வளவு இழுக்கும், கார் எவ்வளவு இழுக்கும், லைன் எவ்வளவு தாங்கும் என்று ஒரு விடைத்தாளின் ஓரத்திலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தாங்கும் என்று விடை வந்தது. (அந்த மாணவிக்கு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "சார், இந்தக் கணக்கு நான் போடலையே" என்றாள். நீ போட்டிருந்தால் சரியாகப் போட்டிருப்பாய் அம்மா.)

சொருகினேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. என் கணக்கின் மேல் எனக்கே மரியாதை வந்துகொண்டிருந்தபோது, டப்பென்று சத்தம். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. போர்டைத் திறந்து பார்த்தேன், பெரிய சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. தள்ளி மேலே ஏற்றினேன். ஃபேன் சுற்றியது, காரில் பச்சை விளக்கு மறுபடி மின்னியது, சூளைப் பெட்டியிலும் எண் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று தாள் திருத்த உட்கார்ந்தேன். அந்தச் சூளை ஒருமுறை கரண்ட் போனால் தானாக எரியாது, அதற்குத் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி, இருக்கிற சூட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்து அறுபது. தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.

எண் இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இறங்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்று மணி என்றார், பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டது. ஆயிரத்து இருநூறைத் தொட்டபோது நான் தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. சாவு வீட்டில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பங்கின் வாட்ஸப் குழுவில், "குடில் வேலை எப்படி இருக்கிறது? ஒரு போட்டோ போடுங்கள்" என்று யாரோ கேட்டார்கள். எண்ணைப் பார்த்தேன், அறுநூறு. காலையில் இருந்த சூட்டுக்கு இது ஒன்றுமே இல்லை என்று பட்டது. கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கதவை இரண்டு விரல் அளவு திறந்தேன். உள்ளே லேசான சிவப்பு வெளிச்சம். வானதூதரான சம்மனசின் இறக்கை தெரிந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ணிங். கொஞ்சம் விட்டு இன்னொரு ணிங். பிறகு மூலைக்கு மூலை, சின்னச் சின்ன மணி அடிப்பதுபோல.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து வீடியோ பிடித்து, "கேளுங்கள், நம் குடில் பாடுகிறது" என்று எழுதிக் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சம்மனசுகளே பாடுவதுபோல் இருக்கிறது என்று ஒரு அக்கா எழுதினார். சவரிமுத்து அண்ணன்கூடக் கட்டை விரலைத் தூக்கினார். செல்வி அந்தக் குழுவில் இல்லை. அவரும் சந்தோஷப்படட்டும் என்று அவருக்குத் தனியாக அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"சார், கதவத் தொறந்தீங்களா?"

"ரெண்டு வெரல் அளவுதாம்மா."

 "மூடிடுங்க சார். வந்துகிட்டே இருக்கறேன்" என்று வைத்துவிட்டார். சூடாக இருக்கிற மண்ணில் குளிர்காற்று பட்டால் விரிசல் விடும்போது அப்படித்தான் சத்தம் வரும் என்பதை மறுநாள் காலையில் தெரிந்துகொண்டேன். நான் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தது, பதிமூன்று பேரும் ஒவ்வொருவராக உடைந்த சத்தம்.

அன்று மாலை அவர் வந்ததும் பெட்டியைப் பார்த்தார், சுவரில் சொருகியிருந்த ஒயரைப் பார்த்தார், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வண்டி ஃபுல்லாயிடிச்சிங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஆயிருந்தது. நூறு சதவீதம்.

மறுநாள் திறந்து பார்த்தபோது மெருகு பாதி வெந்தும் வேகாமலும் சுண்ணாம்புபோல் இருந்தது. சூசையப்பர் இடுப்பில் இரண்டாகப் பிளந்திருந்தார். அந்த நெற்றிக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. கடலூர்ப் பயணம் ரத்து. வண்டி முழு சார்ஜோடு வீட்டு வாசலில் நின்றது, நான்தான் வெளியே தலைகாட்டவில்லை.

ஆனால் நான் இன்றும் வெட்கப்படுவது அந்த சனிக்கிழமைக்காக இல்லை, திங்கட்கிழமைக்காக. பேரவைக் கூட்டத்தில் சவரிமுத்து அண்ணன், "அனுபவம் இல்லாதவங்ககிட்ட குடுத்தா இப்டித்தான் ஆவும். நான் அப்பவே சொன்னேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கரண்ட் பிரச்சினைங்க" என்றேன். பொய் இல்லை. கரண்டால்தான் வந்தது. அந்தக் கரண்ட் யாருடைய காருக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பாண்டிச்சேரியிலேயே வாங்குவது என்று பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஸ்டெல்லா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"கரண்டு மேல பழிய போட்டுட்டு வந்துட்டீங்க. கரண்டுக்கு என்னா, அதுக்கு அடுத்த வருஷம் ஆர்டரு வேணாம். செல்விக்கு வேணும்."

இருபது வருடம் பிள்ளைகளிடம் வழிமுறையைக் காட்டு, வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவந்தவன் நான். அன்றே குழுவில், பாடும் குடில் வீடியோவுக்குக் கீழேயே, சொருகியதிலிருந்து கதவைத் திறந்தது வரை ஒவ்வொரு படியாக எழுதிப் போட்டேன். ஒரு கும்பிடும் கையும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை மைக்குக்குக் கூப்பிட்டு, குழுவில் படிக்காதவர்களுக்காக ஒருமுறை வாயாலும் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். "வண்டி ஃபுல்லாயிடிச்சிங்களா" என்ற இடத்தில் கோயிலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சவரிமுத்து அண்ணன் பெஞ்சியிலிருந்து எழுந்து, "அப்ப அந்தம்மா மேல தப்பில்ல. அடுத்த வருஷமும் அவங்களே செய்யட்டும். வாத்தியார் மட்டும் அந்தப் பக்கம் போவக்கூடாது" என்றார். பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, காது வரை சூடேறிப்போய், எனக்கு அழவேண்டும்போல் இருந்தது.

அந்த வருடம் மூக்கில்லாத பழைய சுரூபங்களையே வைத்தோம். அடுத்த வருடம் செல்வி செய்த குடில் வந்தது. பதிமூன்றும் மினுமினுவென்று, அடியில் அவர் பெயரோடு. இப்போது மங்கலம்பேட்டை வழியாக வெளியூர் போகும் வண்டிகளில்கூட அவருடைய பெட்டிகள் போகின்றன, மூன்று பங்குகளில் அவர் செய்த குடில்தான். நாங்களும் தரைத்தள வீட்டுக்கு மாறிவிட்டோம், சொந்த மீட்டர், சொந்த பிளக். ஆனாலும் நான் எதை எங்கே சொருகப் போனாலும் ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து, "உள்ள ஏதும் வேவுதான்னு பாத்துட்டுச் சொருகுங்க" என்பாள்.

அடுத்த வருடம் வந்த அந்தக் குடிலின் பெட்டியில் பதினான்காவதாக ஒன்று தனியாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. என்னைப்போலவே கண்ணாடி போட்ட ஒரு ஆள், ஆட்டுக்குட்டியைச் சுமப்பதுபோல் தோளில் ஒரு ஒயர்ச் சுருளைச் சுமந்துகொண்டிருக்கிறான். ஃபாதர் பார்த்துச் சிரித்துவிட்டு, ராஜாக்களுக்குப் பின்னால் கொட்டிலை ஒட்டி அவனுக்கும் இடம் கொடுத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். செல்வியும் ஒவ்வொரு வருடமும் குடில் பார்க்க வருகிறார். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து முடித்ததும் குனிந்து, அவனை மட்டும் எடுத்து, கொட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் போகிறார்.