முள், தகடு, இரண்டு பொத்தான்

இந்தக் கதையின் பாதியைப் பிறர் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன். கதையில் தோற்பவன் நான்தான். ஆனால் எப்படித் தோற்றேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. லான்மடாவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் உதுமான் பாய் பத்து நாள் கழித்துச் சொன்னார். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுகிறேன்.

முதலில் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாகேதாவில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஜன்னல். அதன் அடியில் என் படிப்பு மேசை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. இயற்பியல். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா அந்த மேசையைத் தலையில் வைத்துப் பாலம் கடந்து நடந்தே கொண்டுவந்தார். ஆகவே அது நகராது. இது என் கொள்கை.

என் மனைவி ஆன்மேரிக்குக் கொள்கை கிடையாது. தையல் மெஷின்தான் உண்டு. அது அடுப்படியில் கிடந்தது. அடுப்படியில் ஜன்னல் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது.

"என்னங்க, அந்த மேசையில இப்ப என்ன படிக்கிறீங்க?"

"இப்ப படிக்கல. ஆனா அது படிப்பு மேசை."

"அது மேல வெங்காயக் கூடை இருக்கு."

"அதை யாரு வச்சது?"

"நான்தான். வச்சு மூணு மாசம் ஆச்சு. இன்னிக்குத்தான் பாக்குறீங்க."

நான் பேச்சை மாற்றினேன். அவள் மாற்றவில்லை.

"நேத்து இருட்டுல பள்ளிக்கூடச் சட்டைக்குக் கறுப்பு நூல் போட்டுட்டேன். வெள்ளைச் சட்டை. பூராவும் பிரிச்சேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பள்ளிக்கூட சிஸ்டர் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. நியாயம் அவளிடம். என்னிடம் மேசைதான் இருந்தது.

அந்தச் சமயம் எங்கள் மாதா கோயில் ஃபன்ஃபேர் நெருங்கியது. தக்கைத் துப்பாக்கிக் கடை என் பொறுப்பு. பலகையில் தீப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்திருப்போம். தக்கையால் சுட்டு விழுத்தினால் காப்பி பாக்கெட் பரிசு. துப்பாக்கியின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு விளக்குக் குழாய் உண்டு. போன வருஷம் நட்ட நடுவில் அதன் பேட்டரி செத்தது. கடையும் செத்தது.

"நீ பட்டதாரி," என்றார் ஃபாதர். "பேட்டரி இல்லாம குறி பாக்க ஒரு மாற்று ஏற்பாடு பண்ணு. சல்லிசா பண்ணு."

எங்கள் பங்குக் கோயிலில் திருகாணி உள்ள எதுவும் என்னிடம்தான் வரும்.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொம்மைதான். ஆனாலும் தெருவுக்குத் தெரு சிப்பாய்கள் சோதனை போடும் இந்த ஊரில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா? ஆன்மேரி பூப்போட்ட துணியில் நீளமாக ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அதன் பெயர் குடை.

குடையை மடியில் வைத்து லான்மடா போனேன். வழியெல்லாம் வியர்த்தது.

"பாய், குடைக்கு மாற்று வேணும்."

"குடைக் கடை அந்தப் பக்கம் மூணாவது."

உறையின் வாயைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினேன்.

"அட, தக்கைத் துப்பாக்கி. இதுக்கா சயா இப்படி முழிக்கிறீங்க?" படித்தவன் என்று தெரிந்தால் அவருக்கு எல்லாரும் சயா, பர்மிய மொழியில் வாத்தியார். "குழல் நுனியில முள்ளு இருக்கு. கண்ணுப் பக்கம் வெட்டு விட்ட தகடு இருக்கணும். அது உடைஞ்சு போச்சு. வெட்டுக்குள்ள முள்ளு நிக்கணும், முள்ளுத் தலையில தீப்பெட்டி நிக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

மூன்று வகை எடுத்து வைத்தார். மடக்கும் ஜோடி, பிளாஸ்டிக். மடங்காத ஜோடி, இரும்பு. மூன்றாவது, வேறு எதிலிருந்தோ கழற்றிய ஒற்றைத் தகடு.

"எது நல்லது பாய்?"

"மடக்குறது வேண்டாதப்ப படுத்துக்கும்."

"அப்ப அதையே குடுங்க."

"பிளாஸ்டிக்கு. சுடும்போதும் படுத்துக்கும்."

"அப்ப இரும்பு ஜோடி?"

"உழைக்கும். விலையைக் கேட்டா ஃபாதர் படுத்துக்குவார்."

"அப்ப ஒத்தைத் தகடு?"

"சல்லிசு. ஆனா உங்க முள்ளும் இந்தத் தகடும் உயரம் ஒத்துப்போகணும். ஒத்துப்போனா கவலையே இல்ல, கல்யாணம் மாதிரி."

"ஒத்துப்போகலன்னா?"

"அதுவும் கல்யாணம் மாதிரிதான். ஒரு இடத்தைப் பாத்துச் சுடுவீங்க, வேற இடத்துல போய் விழும்."

வாங்காமல் திரும்பினேன். நோட்டில் கட்டம் போட்டேன். விலை, உயரம், எடை, உழைப்பு, ஃபாதரின் முகம். ஐந்து கட்டம். இரவெல்லாம் கைபேசியில் படித்தேன். முதலில் ஒன்றும் தெரியாமல் இருந்தது. படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்து ஒன்றும் புரியாமல் போயிற்று. மறுநாள் பிளாஸ்டிக் என்று முடிவு செய்து கிளம்பினேன். பஸ் ஏறும்போது இரும்பு ஆயிற்று. கடையில் இறங்கியபோது மறுபடி குழப்பம். பாய் எனக்கு லபெயே, அதாவது பால் தேநீர், வாங்கிக் கொடுத்து, அது ஆறும் வரை என்னைப் பார்த்துவிட்டு, ஒற்றைத் தகட்டைத் தானே பொட்டலம் கட்டினார்.

வீட்டில் பொருத்தினேன். பதினைந்து அடியில் ஒரு தீப்பெட்டி வைத்துச் சுட்டேன். தக்கை நான்கு விரல் மேலே போயிற்று. மறுபடி சுட்டேன். மறுபடி நான்கு விரல். அளந்தேன். அறுபது மில்லிமீட்டர். முள்ளுக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஒரு அடி. தூரம் பதினைந்து அடி. அறுபதைப் பதினைந்தால் வகுத்தேன். முள்ளை நான்கு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். 'ஆகவே, 4 மி.மீ.' என்று எழுதி, பரீட்சையில் போடுவது போல அடியில் இரண்டு கோடு போட்டேன்.

உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தவில்லை. இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கி மேலே சுடும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. தோன்றியதும் கொள்கையின் ஞாபகம் வந்தது.

"ஆன்மேரி, ஒரு பந்தயம். ஃபன்ஃபேர்ல ஆளுக்கு அஞ்சு தக்கை. சிவப்பு விளக்கு வேண்டாம், முள்ளும் தகடும்தான். யார் அதிகம் விழுத்துறாங்களோ அவங்களுக்கு ஜன்னல்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரே துப்பாக்கிதானே?"

"ஒரே துப்பாக்கிதான்."

"எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு இல்லையே?"

"சத்தியமா இல்ல."

"சரி," என்றாள். நூல் முதல் தடவையே உள்ளே போயிற்று. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டமளிப்புக்குத் தைத்த வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டேன். இரண்டு கையிலும் பொத்தான் இல்லை.

"ஆன்மேரி, கைப் பொத்தான் எங்க?"

"துவைக்கும்போது விழுந்திருக்கும். மடிச்சு விட்டுக்குங்க. வேட்டைக்காரர் மாதிரி இருக்கீங்க."

மடித்து விட்டேன். வேட்டைக்காரன் மாதிரித்தான் இருந்தது. குடையை எடுத்தேன். முள்ளின் அடியில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"ஆடுச்சு. இறுக்கிக் கட்டினேன்."

போட்டித் துப்பாக்கியையே சரிபார்த்துக் கொடுக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டதும் போய்விட்டது.

ஃபன்ஃபேரில் பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு வழக்கம் போலச் செத்தது. குழாயைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா நடுவர். ஃபாதர் ஒரு ஓரம்.

முதலில் நான். தீப்பெட்டிக்குக் கீழே கணக்காக நான்கு விரல் இறக்கிக் குறி பார்த்தேன். சுட்டேன்.

டொக். பலகை.

தக்கை கோணலாக இருந்திருக்கும். மறுபடி நான்கு விரல் இறக்கினேன். டொக். மூச்சை அடக்கினேன். டொக். கண்ணாடியைத் துடைத்தேன். டொக்.

"ஆல்பின் தம்பி," என்றார் ரோஸ் அக்கா, "பலகைக்குப் பரிசு கிடையாது."

ஐந்தாவதும் டொக். தீப்பெட்டிகள் ஐந்தும் நின்ற இடத்தில் நின்றன. இயற்பியலில் எந்தப் பாடம் என்னைக் கைவிட்டது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆன்மேரி துப்பாக்கியை வாங்கினாள். ஒரு கண்ணை மூடினாள். தீப்பெட்டியின் நடுவைப் பார்த்தாள், நேராகச் சுட்டாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஐந்தில் நான்கு. ஐந்தாவதை அவள் எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று ரோஸ் அக்கா சொல்கிறார். அதற்கு ஆதாரம் இல்லை.

பிறகு வந்த பிள்ளைகளும் விழுத்தினார்கள். பன்னிரண்டு மணிக்குக் காப்பி பாக்கெட் தீர்ந்தது. ஃபாதர் என் தோளைத் தட்டினார்.

"போன வருஷம் விளக்கு செத்ததும் யாருக்குமே விழல. பட்டதாரி வேலைன்னா இதுதான்பா."

அன்று மாலையே மேசை நகர்ந்தது. ஒரு பக்கம் அவள் தூக்கினாள், ஒரு பக்கம் நான்.

பத்து நாள் குழம்பினேன். கணக்கை ஏழு முறை போட்டேன். ஏழு முறையும் நான்கு வந்தது. கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு உதுமான் பாயிடம் போனேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுத் தங்கச்சி ஃபன்ஃபேருக்கு முந்தின வியாழக்கிழமை வந்துச்சு சயா. நீங்க ஆபீஸ் போனதும் தினம் சுட்டுப் பாத்திருக்கு. 'பாய், மேலயே போகுது, ஏன்?'னு கேட்டுச்சு. முள்ளு குட்டையா இருந்தா அப்படித்தான், அடியில எதையாவது குடுத்து உயர்த்துன்னேன். 'எவ்வளவு உயர்த்தணும்?'னுச்சு. எனக்கு எப்படித் தெரியும்? அப்ப தங்கச்சியே சொல்லுச்சு. 'அவர் நோட்டுல நாலு மில்லிமீட்டர்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கார். அவர் கணக்கு தப்பாது பாய்'னு."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"'அவரே உயர்த்தி வைப்பார்னு நாலு நாள் பொறுத்துப் பாத்தேன்'னுச்சு."

லபெயே வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

பாய் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. வீட்டுக்கு வந்து குடையை எடுத்தேன். கரண்ட் இல்லை. ஜன்னல் பக்கம் போனேன்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க," என்றாள் ஆன்மேரி. வெள்ளைச் சட்டை, வெள்ளை நூல்.

அடுப்படிக்குப் போனேன். என் படிப்பு மேசை அரிசி டின்னுக்கும் அடுப்புக்கும் நடுவில் நிற்கிறது. அதன் மேல் கைபேசி விளக்கைச் சாய்த்து வைத்து, கறுப்பு நூலைப் பிரித்து, முள்ளைக் கழற்றினேன். அடியில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பொத்தான். இரண்டும் என் பட்டமளிப்புச் சட்டையின் கைப் பொத்தான். துளை வழியே திருகாணி போயிருந்தது. அளந்து பார்த்தேன். இரண்டும் சேர்ந்து சரியாக நான்கு மில்லிமீட்டர்.

என் விடை சரிதான்.