சாக்குப் போர்த்திய மாடு

மற்றவர்களின் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து கத்துகிறவன், அதற்கு முன் தன் வீட்டுக் கொட்டிலை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. நான் நினைக்கவில்லை.

பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த வருடம், ஐப்பசி. (நாட்குறிப்பில் இருக்கிறது. எல்லாமே இருக்கிறது, அதுதான் என் வியாதி.) கிளிநொச்சிப் பக்கம் எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில், மாட்டுக்கொட்டில் மானியம் யார் யாருக்குப் போகிறது, அந்தக் கொட்டிலில் மாடு நிற்கிறதா என்பதை ஊரே பார்க்கவேண்டும் என்று முழங்கினேன். பேச்சில் பிரெஞ்சுப் புரட்சியும் வந்தது. கால்நடை வைத்திய அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனை ஐயா. சனிக்கிழமை உங்கட வீட்டிலயே துவங்குவம்."

எங்கள் கொட்டில் என் மனைவி மங்கையின் பெயரில் இருந்தது. மானியத்தின் முதல் தவணையில் தூண்கள் எழும்பியிருந்தன. இரண்டாம் தவணை வந்தால்தான் கூரை. கூரை இல்லை, வயல்களிலும் விதைப்பு என்பதால், எங்கள் மாட்டை மைத்துனரின் பட்டியோடு இரணைமடுக் குளத்துக்கு அப்பால் மேய அனுப்பியிருந்தோம். மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது.

"மாடு பட்டியில நிக்குது எண்டு சொல்லுங்கோவன். அதில என்ன வெக்கம்?" என்றாள் மங்கை.

நியாயமான கதைதான். ஆனால் முழங்கிய வாயால் வெறும் தூண்களைக் காட்ட மனம் வரவில்லை. படுத்தேன், எழும்பினேன், கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் நடந்தேன். சனி விடிந்ததும் பக்கத்து வீட்டு வேலாயுதத்திடம் அவருடைய சிவப்பு மாட்டை அரைநாள் இரவல் கேட்டேன். ஏன் என்று கேட்காமலே தந்தார். மங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

மாட்டைத் தூணில் கட்டிய பிறகுதான் அதன் மறுபக்கத் தொடை கண்ணில் பட்டது. வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். சொந்தக்காரரின் பெயரெழுத்து தோலிலேயே இருக்கும். ‘க. வே.’ என்று சாண் உயரத்தில், கடைப் பெயர்ப்பலகை மாதிரி. (உலக வரலாறெல்லாம் வாசித்தவன் மாட்டை வாசிக்கவில்லை.) ஓடிப்போய் ஓர் உரச்சாக்கை எடுத்துப் போர்த்தினேன்.

ஊரே வந்தது. அதிகாரி சாக்கைப் பார்த்தார்.

"ஏன் ஐயா போர்த்தியிருக்கிறியள்?"

"குளிர், டொக்டர்."

சொல்லும்போதே எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. மாடுகள் தோலில் கட்டி போட்டுச் சாகும் நோய் பரவியிருந்த காலம். அவருக்கு அந்தச் சந்தேகம். சட்டென்று சாக்கைத் தூக்கினார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து வேலாயுதம் எட்டிப் பார்த்தார். "அது நான் சுட்ட குறிதான், டொக்டர். மாடு துள்ளினதில ‘வே’ கொஞ்சம் சரிஞ்சு போச்சு."

ஊர் சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை. மங்கையைக் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

"இதை முதலே சொல்லியிருந்தா ரெண்டாம் தவணைக்கு ஓம் எண்டு கையெழுத்து வச்சிருப்பன்," என்றார் என்னிடம். "இனி உங்கட மாட்டைக் கண்ணால பாத்தாத்தான்."

சேற்றில் நடந்துபோய் மாட்டைக் கூட்டிவந்தேன். அவர் திரும்பி வந்து பார்த்து, தவணை கிடைப்பதற்குள் மாரிமழை முடிந்துவிட்டது. அந்த மாரி முழுக்க மாடு நின்றது நான் வாசிக்கும் விறாந்தையில். நான் குசினியில் குந்தியிருந்து வாசித்தேன்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் மங்கை தேத்தண்ணியை நீட்டிச் சொல்வது இதுதான்: "எங்கட மாட்டுப் பால்தான். சந்தேகமெண்டா போய்ப் பாத்திட்டு வந்து குடியுங்கோ."

போன தையில் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, உண்மையிலேயே எழும்பிக் கொட்டிலுக்குப் போனார்.